கடல் சண்டையும் நம் கடை விலையும்



மளிகைக் கடைக்காரனுக்குத் தென்சீனக் கடலில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நாங்கள் மதுரை கீழமாசி வீதியில் தகப்பனார் காலம் தொட்டு மசாலாச் சாமான் மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். படித்தது பள்ளிக்கூடப் படிப்பு. கப்பலில் ஏறியதில்லை, தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. ஆனாலும் இந்தக் கடலைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. அங்கே வல்லரசுகள் போடும் சண்டை நம் கல்லாப்பெட்டி வரை வருகிறது. அப்படி வரும்போது நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது அதைவிடப் பெரிய விஷயம். அதில் நாங்களே ஒரு தவறு செய்தோம். அதையும் மறைக்காமல் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பட்டை வரும் பாதை

நம் கடைகளில் விற்கும் பிரியாணிப் பட்டையில் பெரும்பகுதி வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகிறது. அன்னாசிப்பூவும் அப்படியே. வியட்நாமின் வடகோடியில் உள்ள லாங் சோன் மாகாணமும், அதை ஒட்டிய சீனாவின் குவாங்சி பகுதியும்தான் அதற்குப் பெயர் போன இடங்கள். ஹைபோங் துறைமுகத்தில் கண்டெய்னரில் ஏறும் சரக்கு தென்சீனக் கடல் வழியே தெற்கே வந்து, சிங்கப்பூரைச் சுற்றி, மலாக்கா ஜலசந்தியைக் கடந்து வங்கக் கடலுக்கு வருகிறது. இடையில் சிங்கப்பூர், போர்ட் கிளாங், கொழும்பு என்று கப்பல் மாறுவதும் உண்டு. பிறகுதான் சென்னை, தூத்துக்குடி, பிறகு லாரி, பிறகு நம் குடோன்.

ஜப்பானுக்குப் போகும் எண்ணெய்க் கப்பல் வேண்டுமானால் இந்தோனேசியத் தீவுகளின் இடையே புகுந்து, பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே சுற்றிப் போய்விடலாம். செலவு கூடும், ஆனால் வழி இருக்கிறது. ஹைபோங்கிலிருந்து கிளம்பும் நம் சரக்குக்குத் தென்சீனக் கடலை விட்டால் வேறு கடல் வழியே கிடையாது.

சிங்கப்பூருக்கு அருகே பிலிப்ஸ் கால்வாய் என்ற இடத்தில் கப்பல் பாதையின் அகலம் சுமார் 2.8 கிலோமீட்டர்தான். ஏறக்குறைய நம் மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து தெப்பக்குளம் போகும் தூரம். அந்தச் சந்தின் வழியாக ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் போய் வருகின்றன. உலக வணிகச் சரக்கில் எடைக்கணக்கில் 80 சதவீதத்துக்கு மேல் கடல் வழியாகவே நடக்கிறது என்று ஐக்கிய நாடுகள் சபையின் வணிக அமைப்பு கூறுகிறது. அப்படியானால் இந்தச் சந்தின் மதிப்பு என்ன என்று வியாபாரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

யாருக்குச் சொந்தம் இந்தக் கடல்?

தென்சீனக் கடலில் சிறு தீவுகள், பவளப் பாறைகள், மணல் திட்டுகள் ஏராளம். பலவற்றில் குடிதண்ணீர்கூடக் கிடையாது. அவற்றுக்குச் சீனா, தைவான், வியட்நாம், பிலிப்பைன்ஸ், மலேசியா, புருனே ஆகிய ஆறு தரப்பினர் உரிமை கொண்டாடுகின்றனர். சீனாவோ வரைபடத்தில் ஒன்பது கோடுகளைப் போட்டு, கடலில் பெரும்பகுதியைத் தன் பக்கம் சேர்த்துக் காட்டுகிறது. அந்த வரைபடத்தை 2009-ஆம் ஆண்டு ஐ.நா. சபையிலும் கொடுத்தது.

சண்டை நேற்று தொடங்கியதல்ல. 1974-ல் பாராசெல் தீவுகளைத் தென் வியட்நாமிடமிருந்து சீனா பிடித்தது. 1988-ல் ஸ்பிராட்லி தீவுகளில் நடந்த மோதலில் வியட்நாம் வீரர்கள் 64 பேர் மாண்டனர். 2012-ல் ஸ்கார்பரோ திட்டைச் சீனா தன் பிடிக்குள் கொண்டுவந்தது. அந்தத் திட்டு பிலிப்பைன்ஸின் லூசான் தீவிலிருந்து சுமார் 220 கிலோமீட்டரில் இருக்கிறது. சீனப் பெருநிலத்திலிருந்து 800 கிலோமீட்டருக்கும் அப்பால். 2013 முதல் பவளப் பாறைகளின் மேல் மண்ணைக் கொட்டி, செயற்கைத் தீவு எழுப்பி, விமான ஓடுதளமும் போட்டுவிட்டார்கள். 2024 ஜூன் மாதம் இரண்டாம் தாமஸ் திட்டருகே நடந்த மோதலில் பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் கட்டைவிரலை இழந்தார். 2025 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸ் படகை விரட்டிய இரண்டு சீனக் கப்பல்கள் தமக்குள்ளேயே மோதிக்கொண்டன.

சீனாவின் அச்சத்தையும் நாம் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த நாட்டுக்கு வேண்டிய எண்ணெயில் பெரும்பகுதி மலாக்கா வழியாகவே வருகிறது. அந்தச் சந்தை வேறொரு கடற்படை அடைத்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை அவர்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாக உண்டு. வாசலில் அடுத்தவன் காவல் நிற்கும்போது எந்தக் கடைக்காரனுக்கும் தூக்கம் வராது. ஆனால் அதற்காகத் தெரு முழுவதையும் தன் பட்டாவில் சேர்த்துக்கொள்ள முடியுமா?

முத்திரை இல்லாத தராசு

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1982-ல் உருவாகி 1994-ல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்டம் அது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்த நாட்டின் ஆட்சி. 200 கடல் மைல் வரை மீனும் எண்ணெயும் அந்த நாட்டுக்கு. ஆனால் அங்கே கப்பல் போக்குவரத்து எல்லோருக்கும் பொது. சுருக்கமாகச் சொன்னால், வீடு உனக்கு, தோட்டத்து விளைச்சல் உனக்கு, பாதை ஊருக்கு.

இந்தச் சட்டத்தின்படி பிலிப்பைன்ஸ் 2013-ல் வழக்குப் போட்டது. ஹேக் நகரில் உள்ள நிரந்தர நடுவர் மன்றத்தில் விசாரணை நடந்தது. 2016 ஜூலை 12-ஆம் தேதி, ஒன்பது கோடுகளுக்குள் சீனா கோரும் வரலாற்று உரிமைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. சீனா 1996-லேயே இந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட நாடு. ஆனால் தீர்ப்பை ஏற்கமாட்டோம் என்று சொல்லிவிட்டது.

மறுபக்கம் அமெரிக்கா. கப்பல் போக்குவரத்துச் சுதந்திரத்தைக் காக்கிறோம் என்று போர்க்கப்பல்களை அந்தக் கடலில் அனுப்புகிறது. சட்டத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறது. ஆனால் அதே கடல் சட்டத்தில் அமெரிக்கா இதுவரை சேரவே இல்லை. தன் தராசுக்கு முத்திரை வாங்காதவன் அடுத்த கடைத் தராசைச் சோதிக்கப் போவது போன்றது இது. ஒருவர் முத்திரை வாங்கிவிட்டு எடையை மாற்றுகிறார். இன்னொருவர் முத்திரையே வாங்காமல் நியாயம் பேசுகிறார். இதில் யார் பக்கம் நிற்பது என்று வணிகனைக் கேட்டால், முத்திரையின் பக்கம் என்பதே நம் பதில்.

பெரிய நாடு தீர்ப்புக்குக் கட்டுப்படுமா, அதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்பவர்களுக்கு ஒன்றைச் சுட்டிக்காட்டக் கடமைப்பட்டுள்ளோம். வங்கக் கடலில் நமக்கும் வங்கதேசத்துக்கும் எல்லைத் தகராறு இருந்தது. 2014 ஜூலையில் இதே கடல் சட்டப்படி அமைந்த நடுவர் குழு தீர்ப்புச் சொன்னது. தகராறில் இருந்த சுமார் 25,600 சதுர கிலோமீட்டரில் 19,400 சதுர கிலோமீட்டருக்கும் மேல் வங்கதேசத்துக்குப் போயிற்று. கப்பல் படையில் நாம் பெரியவர்கள். இருந்தும் இந்தியா அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. விட்டுக்கொடுத்தது கடல், காப்பாற்றிக்கொண்டது நாணயம். 2016 தீர்ப்பை மதிக்க வேண்டும் என்று 2023 ஜூனில் பிலிப்பைன்ஸோடு சேர்ந்து நம் அரசு அறிக்கை விட முடிந்ததென்றால், அதற்கான தகுதி இப்படித்தான் வந்தது.

அனுமதிச் சீட்டு வாங்கிய காலம்

நண்பர் ஒருவர் எங்களிடம் வாதாடினார். "இத்தனை சண்டையிலும் சரக்குக் கப்பலை யாராவது நிறுத்தினார்களா? சீனாவே பெரிய வியாபாரி. தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வானா?" என்றார். உண்மைதான். அந்தக் கடலில் வணிகக் கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் உரிமையோடு போவது வேறு; ஒருவர் தயவில் போவது வேறு.

இதைச் சரித்திரம் நமக்குக் காட்டியிருக்கிறது. 1511-ல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். இந்தியப் பெருங்கடலில் கப்பல் ஓட்ட வேண்டுமானால் தங்களிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். சீட்டு இல்லாத கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். அதுவரை யாரிடமும் கேட்காமல் ஓடிய கப்பல்கள் கைகட்டி நின்றன. 1641-ல் டச்சுக்காரர் மலாக்காவைப் பிடித்தார்கள். 1819-ல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் கால் ஊன்றினார்கள். காவலாளி மாறினான்; காவல் கூலி நிற்கவில்லை.

நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1025-ல் ராஜேந்திர சோழன் கப்பல் படை அனுப்பிக் கடாரம் கொண்டதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். அந்தப் படையெடுப்பும் இதே மலாக்கா ஜலசந்தியை ஒட்டிய ஸ்ரீவிஜய நாட்டின் மீதுதான். அன்று அந்தத் துறைமுகங்களில் கடை போட்டிருந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று ஒரு வியாபாரி நினைத்துப் பார்க்க வேண்டாமா? எங்களுக்கு அதைவிடப் பெருமை தருவது வேறு ஒன்று. 1088-ல், சுமத்ராவின் மேற்குக் கரையில், கற்பூரத்துக்குப் பேர் போன பாருஸ் என்ற இடத்தில், ஐந்நூற்றுவர் என்ற நம் வணிகக் குழுவினர் தமிழில் கல்வெட்டு வைத்தார்கள். 1281-ல் சீனாவின் குவாஞ்சோ துறைமுகத்தில் சிவன் கோயிலும் தமிழ்க் கல்வெட்டும் இருந்தன. தென்சீனக் கடலைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். படை போய்த் திரும்பிவிட்டது. நிலைத்து நின்றது வியாபாரம்.

ஒரு கப்பல் எவ்வளவு கெடுக்கும் என்பதற்கும் நம் வாயிலேயே ஒரு சொல் இருக்கிறது: எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு ஒரே ஒரு ஜெர்மன் கப்பல் சென்னையில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. இந்தக் கடல்களில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தது அல்லது மூழ்கடித்தது. பயந்துபோன மக்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். குண்டு விழுந்தது ஓர் இடத்தில். வியாபாரம் நின்றது ஊர் முழுவதும்.

எங்கள் தவறு

இனி எங்கள் கதைக்கு வருகிறோம்.

2023 நவம்பரில் செங்கடலில் ஏமனின் ஹூதிப் படையினர் ஒரு சரக்குக் கப்பலைக் கைப்பற்றினார்கள். அதன் பிறகு கப்பல்கள் மீது தாக்குதல் தொடர்ந்தது. பெரிய கம்பெனிகள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியாகக் கப்பல் ஓட்டின. ஆசியாவிலிருந்து ஐரோப்பா போகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் கூடுதல். செங்கடலில் போகிற கப்பலுக்குப் போர் அபாய இன்சூரன்ஸ், கப்பல் மதிப்பில் ஒரு சதவீதம் வரை ஏறியது. நூறு கோடி ரூபாய்க் கப்பல் என்றால் ஒரு நடைக்கு ஒரு கோடி!

2024 ஜனவரியில் இந்தச் செய்தியைத்தான் பத்திரிகைகள் தினமும் போட்டன. மார்க்கெட்டில் ஒரே பேச்சு. நாங்களும் விலைப்பட்டியலை மாற்றினோம். அன்னாசிப்பூ கிலோவுக்கு 40 ரூபாய், பட்டைக்கு 15 ரூபாய் ஏற்றினோம். குடோனில் அப்போது 42 மூட்டை இருந்தது. அத்தனையும் தீபாவளிக்கு முன்பே பழைய விலையில் வாங்கிப் போட்ட சரக்கு.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து சரக்கு எடுக்க வரும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர், முப்பது வருட வாடிக்கை, பில்லைப் பார்த்துவிட்டு நின்றார்.

"அண்ணாச்சி, இந்த மூட்டை எந்த ஊர்ச் சரக்கு?"

"வியட்நாம் சரக்குதானப்பா. கப்பல் வாடகை எல்லாம் ஏறிப்போச்சு. செங்கடல்ல சண்டை, பேப்பர் பார்க்கலையா?"

"பார்த்தேன் அண்ணாச்சி. எம் பேத்தி பள்ளிக்கூட மேப்பையும் பார்த்தேன். வியட்நாம் கிழக்கே இருக்கு, செங்கடல் மேற்கே இருக்கு. கிழக்கே இருந்து வர்ற மூட்டை மேற்கே எதுக்குப் போச்சு?"

எங்களிடம் பதில் இல்லை. விலையைக் குறைக்கவும் அன்று மனம் வரவில்லை. எல்லோரும் ஏற்றியிருக்கிறார்கள், நாம் மட்டும் ஏன் விட வேண்டும் என்ற எண்ணம். அவர் பழைய பாக்கியைப் பைசா குறையாமல் எண்ணி வைத்துவிட்டுப் போனார். பிறகு நம் கடைப் படி ஏறவில்லை.

கதை அதோடு முடியவில்லை. கப்பல்கள் சுற்றுவழியில் போனதால் கண்டெய்னர்கள் திரும்பி வரத் தாமதம் ஆயிற்று. 2024 மே, ஜூன் மாதங்களில் ஆசியத் துறைமுகங்களில் கண்டெய்னர் தட்டுப்பாடு வந்து, கிழக்கே இருந்து வரும் சரக்குக்கும் வாடகை உண்மையாகவே ஏறிவிட்டது. தூத்துக்குடி இறக்குமதியாளர் எங்களுக்குக் கூடுதல் பில் போட்டார். அந்தச் செலவைச் சொல்லி நாங்கள் விலை ஏற்றியபோது, "ஜனவரியிலேயே ஏத்தியாச்சே, மறுபடி என்ன?" என்று வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். அந்த நட்டத்தில் பெரும்பகுதியை நாங்களே தாங்க வேண்டியதாயிற்று. பொய் விலையில் சம்பாதித்ததை மெய் விலையில் இழந்தோம். உடன் ஒரு நல்ல மனிதரையும் இழந்தோம். பேராசை பெருநஷ்டம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

தென்சீனக் கடலில் நாளை ஒரு பெரிய மோதல் வந்தால், அது செங்கடலைப் போல நமக்குச் சுற்றுவழிச் செய்தியாக இராது. நேராக நம் சரக்கின் தலையிலேயே விழும். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். ஆகவே சங்கத்தின் முன் சில யோசனைகளை வைக்கிறோம்.

ஒன்று: குடோனில் இருக்கும் பழைய சரக்குக்குச் செய்தியைக் காட்டி விலை ஏற்றுவதில்லை என்று சங்கத்தில் தீர்மானம் போட வேண்டும். புதுச் சரக்கு புது விலையில் வந்து இறங்கிய பிறகே புது விலைப்பட்டியல். இதைச் சட்டம் சொல்லிச் செய்வதைவிட நாமே சொல்லிச் செய்வது கௌரவம். வாங்கிய விலைக்கு விற்றால் மறு கொள்முதலுக்கு முதல் போதாதே என்பார்கள் சிலர். அந்தக் கஷ்டம் மெய்யானது, நாங்களும் அறிவோம். ஆனால் அதைச் சமாளிக்கக் கடன் தவணையைச் சுருக்கலாம். கொள்முதலைப் பிரித்து வாங்கலாம். பொய்க் காரணம் சொல்லத் தேவையில்லை.

இரண்டு: இறக்குமதியாளரிடம் ஆர்டர் கொடுக்கும்போது, கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் ஏறினால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். வாய்ப்பேச்சு நல்ல காலத்துக்குச் சரி. கெட்ட காலத்தில் சீட்டுதான் பேசும்.

மூன்று: ஒரே கடலை நம்பி இருக்கக் கூடாது. பட்டைக்கும் அன்னாசிப்பூவுக்கும் மாற்று குறைவு. ஆனால் கிராம்பு நம் கன்னியாகுமரி மாவட்ட மலைகளிலேயே விளைகிறது. 2021-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இலங்கையிலிருந்து கிராம்பு வர நீண்ட கடல் கடக்க வேண்டியதில்லை. பாதியாவது பக்கத்தில் வாங்கிப் பழகினால், தூரத்துச் சரக்கு தடைப்படும் நாளில் கடை காலியாக நிற்காது.

நான்கு: அரசுக்கு ஒரு விண்ணப்பம். நம் ஏற்றுமதி இறக்குமதிச் சரக்கில் பத்தில் ஒரு பங்கைக்கூட இந்தியக் கொடி கட்டிய கப்பல்கள் ஏற்றுவதில்லை. அந்நியக் கப்பலை நம்பினால் என்ன ஆகும் என்பதை 1906-லேயே உணர்ந்து, தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார் வ.உ.சிதம்பரம் பிள்ளை. அவர் பெயரைத் துறைமுகத்துக்கு வைத்திருக்கிறோம். கப்பலை வைக்க வேண்டாமா? அதோடு, பெய்ஜிங்கானாலும் வாஷிங்டனானாலும் கடல் சட்டத்துக்குக் கட்டுப்படுங்கள் என்று நம் நாடு ஒரே குரலில் சொல்ல வேண்டும். 2014-ல் தோற்ற தீர்ப்பை ஏற்ற நாட்டுக்கு அப்படிச் சொல்ல உரிமை இருக்கிறது.

வல்லரசுகளின் கணக்கை நம்மால் மாற்ற முடியாது. நம் தராசை நாம் சரியாக வைத்துக்கொள்ள முடியும். கடல் பாதையில் எவனும் பொய்ச் சுங்கம் வசூலிக்கக் கூடாது என்று கேட்கும் நாம், கடை வாசலில் பொய்ச் சுங்கம் வசூலிக்கலாமா? ஜனவரி மாதம் நாங்கள் வசூலித்தது அதுதான்.

அந்த உசிலம்பட்டிக்காரருக்கு இந்த இதழ் போகிறதா என்று தெரியவில்லை. போனால், அண்ணாச்சி தவறை ஒப்புக்கொண்டார் என்று அவர் அறியட்டும். கடைக் கதவு திறந்தே இருக்கிறது.

சிந்திப்போம், நாணயம் காப்போம்.